முழங்கால் உயரத்துப் பன்னம்

இருளப்பனுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை உண்டு. எனக்குக் கிடையாது. இருபத்தைந்து வருடங்களாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பேயை நம்பிக்கொண்டு அந்தச் சம்பளத்தை வாங்குவதில் நியாயமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் ஓரிரு இடங்களில் நான் அவரைவிடக் கூடுதலாகப் பயந்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. சுவரில் முளைக்கும் செடிகளைப் பிடுங்குவதுதான் அவருடைய தொழில். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பத்தொன்பது வயதில் கிராண்ட்பாஸுக்கு வந்து, ஒரு மேசனிடம் கையுதவியாகச் சேர்ந்தவர். கல் வைப்பதிலும் பூசுவதிலும் கை ஓடவில்லை. ஆனால் எந்தச் சுவரை எந்தச் செடி தின்கிறது என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அரசங்கன்றைப் பிடுங்க மேசன்மார் பலர் கை வைக்க மாட்டார்கள். இருளப்பன் அதைக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, வேரோடு எடுத்துவிடுவார். இப்போது வயது ஐம்பத்து நான்கு. ஒரு வளைந்த கத்தி, ஒரு சின்ன உளி, தும்புப் பிரஷ், சணல் சாக்கு. முப்பது வருடமாக இவ்வளவுதான் அவருடைய சாமான்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். சுவருக்கு முன்னால் குந்திக்கொள்வார். செடியைக் கத்தியால் நெம்பிப் பிடுங்கிச் சாக்கில் திணிப்பார். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சுவரைத் தேய்த்துக் கழுவுவார். சாக்கைக் குப்பையில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து, அதே சுவருக்கு முன்னால் குந்தி, வெறுஞ்சாக்கை மூன்று தரம் உதறுவார். அது அவருடைய அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். கொழுந்து பறித்துவிட்டு வரும்போது இடுப்பில் கட்டிய சாக்கை வெளியே உதறாமல் அந்த அம்மா லயத்து வீட்டுக்குள் கால் வைத்ததில்லையாம்.

“ஒரு எடத்து அழுக்க இன்னொரு எடத்துக்குக் கொண்டு போகக்கூடாதுங்க டீச்சர்” என்பார்.

போன வைகாசி மழைக்கு என் பின்பக்கச் சுவர், உடுப்புத் தோய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில், பச்சையாகிவிட்டது. எல்லாம் பன்னம், இறகு மாதிரி இலை விரிக்கும் செடி. நாங்கள் வாயில் பேர்ன் என்றுதான் சொல்வோம். பழைய சுண்ணாம்புச் சாந்து என்றால் அதற்குப் பாயாசம் மாதிரி. இருளப்பனைக் கூப்பிட்டேன். பாதி வேலையில் கத்தி விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மனிதர் சுவரைப் பார்த்தபடி அசையாமல் குந்தியிருந்தார்.

“என்ன அண்ணே, பாம்போ?”

எழும்பினார், என்னைத் தாண்டி நடந்தார், கத்தியையும் சாக்கையும் விட்டுவிட்டு வாசலால் போய்விட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். மற்றப் பன்னங்களின் இலை நுனிகள் கூராக முடிந்திருந்தன. சுவரில் முழங்கால் உயரத்தில், தனியாக ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதன் ஒவ்வொரு இலையும் நுனியில் பிளந்து, பிளந்தது மறுபடி பிளந்து, ஆறேழு சின்ன விரல்களாக விரிந்திருந்தது. நடக்கப் பழகும் குழந்தை ஒன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதன் கை அந்த உயரத்தில்தான் இருக்கும். அந்த நினைப்பு எனக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை. தோய்க்க வைத்திருந்த உடுப்பைக் கல்லிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சாக்கை எடுக்க வந்தார். உட்கார வைத்துப் பால் போடாத பிளேன்ரீ கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டே கதைத்தார்.

“அது என்னத் தொடருதுங்க டீச்சர்.”

“எது?”

“அந்தக் கை.”

இருபத்தொரு வருடமாகத் தொடர்கிறதாம். முதலில் கிராண்ட்பாஸில் ஒரு அச்சுக்கூடத்தின் பின்சுவர். அடுத்தது புறக்கோட்டையில் வெங்காயக் கிட்டங்கி. பிறகு பாமன்கடையில் ஒரு டொக்டர் வீடு. அவர் ஒரு தரம் சுத்தம் செய்த இடத்துக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்துப் போனால், அங்கே விரல் விரித்த ஒரு பன்னம் நிற்கும். எப்போதும் முழங்கால் உயரம். பிடுங்குவார், அடுத்த இடத்தில் நிற்கும். போன மாதம் அவருடைய சொந்த வீட்டில், தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒன்று வந்துவிட்டது.

“எங்க ரஜனிக்கு எட்டு மாசங்க” என்றார். ரஜனி அவருடைய ஒரே மகள், புருஷனோடு அவர் வீட்டிலேயே இருப்பவள். “முன்னுக்கு ரெண்டும் ஏழாம் மாசத்துல வயித்துக்குள்ளயே போயிருச்சு. இது மூணாவது. பீப்பாய்க்குப் பின்னால அதப் பாத்த அன்னைக்கே எனக்கு வெளங்கிருச்சு. இதையும் எடுக்கத்தான் வந்திருக்கு.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாருடைய கை அது என்று கேட்டேன். அப்போதுதான் யூஜினாவின் கதையைச் சொன்னார்.

இரண்டாயிரத்து மூன்று, ஆனி பதின்மூன்று, அந்தோனியார் திருநாள். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு பெரிய வீடு இருந்தது. அதன் பின்பக்க அறையில் யூஜினா என்ற பெண் தனியாகக் குடியிருந்தார். புருஷன் எட்வேட் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து இறந்துபோனவர். வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறார், சுவர் துப்புரவாக இருக்க வேண்டும். குளிக்கும் தொட்டியடியில் பன்னம் பெருகிக் கிடக்கிறது. அதில் கைவைக்க யூஜினா விட மாட்டார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். அதனால் யூஜினா கொச்சிக்கடைக் கோயில் சுற்றுப்பிரகாரத்துக்குப் போகும் நாளாகப் பார்த்து வீட்டுக்காரர் இருளப்பனைக் கூட்டி வந்துவிட்டார். இருளப்பனுக்கு இந்தச் சூழ்ச்சி எதுவும் தெரியாது. நல்ல வெயில், காய்ந்த இலைகள். பிடுங்கப் பிடுங்கப் பழுப்புத் தூள் பறந்து, சட்டை முழுக்க ஒட்டிக்கொண்டது. அங்கேதான் விரல் நுனிப் பன்னத்தை வாழ்க்கையில் முதல் தரம் கண்டார். ஏதோ நோய் பிடித்த செடி என்று நினைத்துக்கொண்டு வேரோடு எடுத்தார்.

சாக்கைக் கட்டும்போது யூஜினா வந்துவிட்டார். கையில் கோயிலில் கொடுத்த திருநாள் பாண் ரொட்டிப் பையும் மெழுகுவர்த்தியும். வெறும் சுவரைப் பார்த்தார். திட்டுவார் என்று இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் திட்டவில்லை. கிட்ட வந்து, சாக்கின் வாயைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஒரு விரல் நுனி இலையை முறித்தெடுத்தார். அதை இருளப்பனின் சட்டைப்பையில் வைத்து, மேலே உள்ளங்கையால் ஒரு தரம் அழுத்தினார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

“ஒரு வார்த்த பேசலைங்க. நம்ம ஊருல செய்வினை வைக்கிறவங்க இப்படித்தான் வைப்பாங்க. பேசாம வைப்பாங்க.”

நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பாடம் எடுத்தேன்.

பன்னத்துக்குப் பூவில்லை, காயில்லை, விதையில்லை. இலையின் அடியில் ஓரத்தை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு ஓடும். கோடு முற்றினால் தூளாகப் பறக்கும். ஒரு செடியில் கோடிக்கணக்கில் இருக்கும். வித்தி என்று புத்தகத்தில் போட்டிருப்பது அதைத்தான். காய்ந்த இடத்தில் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கும். ஈரச் சுவரில் விழுந்தாலும் உடனே பன்னம் வராது. முதலில் வருவது சின்ன விரல் நகமளவில் ஒரு பச்சைத் தகடு. சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கும், பாசி என்று நினைத்துத் தாண்டிப் போவோம். ஆணும் பெண்ணும் சேர்வது அந்தத் தகட்டின் அடியில். ஆண் அணு நீந்திப் போய்த்தான் பெண் அணுவைச் சேரும், அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் கிடைக்காவிட்டால் தகடு காய்ந்து போகும். கிடைத்தால் அதிலிருந்து ஒரு குட்டிப் பன்னம் விரலை மடக்கிக்கொண்டு எழும்பும். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாத ஒரு பிறவி இருக்கிறது என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

“நுனி பிளக்கிறது பிறவிக் குறை, அண்ணே. தூள் வழியாத் தாயிட்ட இருந்து பிள்ளைக்குப் போகும். அவ்வளவுதான். கையுமில்ல, காலுமில்ல.”

“அப்ப ஏன் முழங்கால் ஒசரத்துலயே வருது?”

அந்தக் கேள்வி என் பாடத்தில் இல்லை. பதில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம் வரும். “முதல்ல இந்தச் சுவரை முடியுங்கோ” என்றேன். முடித்தார். விரல் நுனிப் பன்னத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினார். சுவரைத் தேய்த்துக் கழுவினார். குப்பையைக் கொட்டி வந்தார். சுவருக்கு முன்னால் குந்தி, சாக்கை உதறினார். ஒன்று, இரண்டு, மூன்று.

வெயில் சரிவாக விழுந்துகொண்டிருந்தது. சாக்கிலிருந்து ஒரு பழுப்புப் புகை எழும்பி, ஈரச் சுவரில், அவருடைய முழங்காலுக்கு நேராகப் போய் ஒட்டியது.

“அண்ணே, நீங்கதான் விதைக்கிறீங்க” என்றேன். “இருபத்தொரு வருசமா நீங்கதான். பழைய வீட்டுத் தூள் சாக்கில இருக்கு. கழுவி ஈரமாக்கின சுவரில குந்தியிருந்து உதறுறீங்க. அந்த உயரம் நீங்க குந்துற உயரம். வீட்டில பீப்பாயடியில உங்கட சட்டையைத்தானே தோய்க்கிறது?”

எனக்கு அவ்வளவு சந்தோஷம். கணக்கை முடித்துவிட்ட பிள்ளை மாதிரி நின்றேன். இருளப்பன் கையிலிருந்த சாக்கை நிலத்தில் மெல்ல வைத்தார், தூங்கும் எதையோ வைப்பது போல.

“அப்ப நான்தான் கொண்டு போறேன்” என்றார். “வீடு வீடா. என் மக இருக்கிற வீட்டுக்கும் நான்தான். அத என் சட்டைப்பையிலதானே வச்சாங்க.”

பேயை விரட்டப் போய், அதற்கு நானே காலும் வழியும் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

ரஜனிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அந்த அம்மாவிடம் மன்னிப்பு வாங்கியாக வேண்டும், அதுதான் இருளப்பனுக்கு இருந்த ஒரே வழி. யூஜினாவின் வீடு இடிபட்டு, அந்த இடத்தில் ஆறு மாடி நிற்கிறது. கோயிலில் பழைய ஆட்களிடம் விசாரித்தேன். நான்கு வருடமாக வெள்ளவத்தையில் பெறாமகள் றேணுகாவோடு இருக்கிறார் என்று தெரிந்தது. ஆனி மாதக் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து, இருளப்பனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சாக்கைக் கொண்டு வர வேண்டாம், என் கொல்லையிலேயே கிடக்கட்டும் என்று சொல்லியிருந்தேன். அவர் சட்டையையும் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார்.

கடல் பக்க ஒழுங்கையில் ஐந்தாம் மாடி. யூஜினா கதிரையில் இருந்தார். எழுபது வயது, இரண்டு கண்ணிலும் வெண்படலம். இருளப்பன் கதிரைக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் விசயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

“அந்த ஆளோ நீர்?” என்றார் கடைசியில். “நான் உம்மைத் திட்டினனான் தம்பி. ஒரு கிழமை முழுக்க இருந்து திட்டினனான்.”

இருளப்பன் தலையை இன்னும் குனிந்துகொண்டார்.

“பிடுங்கினதுக்குத் திட்டினனான். பையில வைச்சது வேற.” கையை மடியில் கோத்துக்கொண்டார். “எண்பத்து மூண்டு ஆடியில, அந்தக் கலவரக் கிழமை, எனக்கு வலி வந்திட்டுது. நாளுக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது. வெளியில ஊரடங்கு, புகை, சத்தம். ஆஸ்பத்திரிக்கு எங்க போறது? எட்வேட்தான் பிள்ளையைப் பிடிச்சவர். பொடியன். மூச்சு இருந்ததோ இல்லையோ எண்டு எங்களுக்கு இண்டைக்கும் தெரியாது. நீ உயிரோட இருந்தா உனக்கு ஞானஸ்நானம் எண்டு சொல்லி எட்வேட் தண்ணி ஊத்தி, அந்தோனி எண்டு பேர் வைச்சார். அடக்கம் பண்ணச் சேமக்காலைக்கு எப்பிடிக் கொண்டு போறது? தொட்டியடியில வைச்சம்.”

றேணுகா சமையலறை வாசலில் நின்றிருந்தார். இந்தக் கதையை அவரும் முதல் தரம் கேட்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“ஊத்தின தண்ணி போதாது எண்டு எனக்கு ஒரு பயம். ஒவ்வொரு நாளும் காலையில ஒரு கோப்பை தண்ணி அந்த இடத்தில ஊத்துவன். அடுத்த வருசம் அந்த இலை வந்தது. விரலோட. இருவது வருசம் அதோட இருந்தனான். நீர் சாக்கைக் கட்டேக்க நினைச்சன், குப்பைக்குப் போகப் போறான் எண்டு. அவன் அந்த வீட்டுப் படலையைத் தாண்டி வெளியில போனதே இல்லைத் தம்பி. ஒரு துண்டாவது ஒரு மனுசரிட பையில ஏறி, ரோட்டைப் பாக்கட்டும் எண்டு வைச்சன். உமக்குக் கெடுதல் வைக்கேல்ல.”

பிறகு யூஜினா தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எங்க எங்க போனவன்?”

இருளப்பன் சொல்லத் தொடங்கினார். அச்சுக்கூடம், வெங்காயக் கிட்டங்கி, டொக்டர் வீடு. ஒவ்வொரு இடத்துக்கும் அவர் “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். இருபத்தொரு வருடம் இந்த மனிதரைப் பயத்தில் வேக வைத்த பட்டியலை அந்தத் தாய், வெளிநாட்டில் இருக்கும் மகனுடைய கடிதம் வாசிக்கக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் அங்கே இருக்க முடியவில்லை, எழும்பி யன்னலடிக்குப் போய்விட்டேன்.

றேணுகாவுக்கும் தாங்கவில்லைப் போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சை மாற்றினார். “அண்ணே செடி பிடுங்கிறவரோ? அப்ப ஒருக்கா பல்கனியையும் பாருங்கோ. ஏசித் தண்ணி விழுற மூலையில ஏதோ ஒரு பேர்ன். மாசம் ஒருக்காச் சுரண்டுறம். திருப்பித் திருப்பி வருது, பெரிய கரைச்சல்.”

இருளப்பன் போனார். நானும் பின்னால் போனேன். பல்கனி மூலையில் ஒரு பழைய தகரப் பெட்டி இருந்தது. ஏசியின் தண்ணீர்க் குழாய் சுவரில் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்குக் கீழே, பெட்டியின் மூடிக்கு நேராக, முழங்கால் உயரத்தில் அது நின்றது. சுரண்டிய தழும்புக்கு நடுவில் மூன்று இலை. மூன்றும் விரல் விரித்திருந்தன.

இருளப்பன் வெள்ளவத்தையில் ஒரு சுவரையும் தொட்டதில்லை. சாக்கு ஐந்து மைலுக்கு அப்பால் என் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. சட்டை புதிது. எனக்கு முதுகு சில்லிட்டது, பொய் சொல்லவில்லை. பிறகு தகரப் பெட்டியைப் பார்த்தேன். அது தொட்டியடி அறையிலிருந்து யூஜினாவோடு வந்த பெட்டியாக இருக்கலாம். அதன் இடுக்குகளில் அந்தக் காலத்துத் தூள் காய்ந்து கிடந்திருக்கலாம், ஏசித் தண்ணீர் பட்டதும் எழும்பியிருக்கலாம். இப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். மாதம் ஒரு தரம் வேரோடு சுரண்டியும் அதே இடத்தில் எழும்பியதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

இருளப்பன் உள்ளே போய் யூஜினாவின் கையைப் பிடித்து மெல்ல நடத்திக் கூட்டி வந்தார். குனிய வைத்து, அவருடைய விரல்களை இலை நுனியில் கொண்டுபோய் வைத்தார். நான்கு வருடமாக அந்த அம்மா அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், கண் தெரியாமல். தடவினார். ஒன்றொன்றாகத் தடவினார்.

“றேணுகா,” என்றார் பிறகு, “ஒரு கோப்பை தண்ணி கொண்டு வா.”

வெளிக்கிடும்போது இருளப்பனிடம் மகளைப் பற்றிக் கேட்டார். எத்தனையாம் மாதம், எந்த ஆஸ்பத்திரி. “எட்டாம் மாசம் வீட்டில வைச்சிருக்காதேயும். இப்பவே கொண்டு போய்க் காட்டும். எனக்கு ரோட்டு இருக்கேல்ல. உமக்கு இருக்கு” என்றார். மறுநாளே ரஜனியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிள்ளையின் துடிப்புக் குறைகிறது, இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னாராம். அன்றைக்கே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள்.

பெண் குழந்தை. நாலாம் நாள் பார்க்கப் போனேன். ரஜனி தூங்கிக்கொண்டிருந்தாள். இருளப்பன் கட்டிலடியில் குந்தியிருந்தார், சுவருக்கு முன்னால் குந்துவதைப் போலவே. பிள்ளை இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. நாலு நாளாக அவர் அந்தக் கையைத் தொடவே இல்லை என்று ரஜனியின் புருஷன் எனக்குச் சொன்னான்.

“பாருங்கோ அண்ணே” என்றேன்.

மாட்டேன் என்று தலையாட்டினார். பிறகு ஒரு விரலை நீட்டி, பிள்ளையின் வலது கையை மெல்லத் திறந்தார். எண்ணினார். மூடிவிட்டு மற்றதைத் திறந்தார். அதையும் எண்ணினார். ஐந்தும் ஐந்தும்தான் இருந்தன. அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

தூள் எப்படிப் பரவுகிறது என்று நான் அவருக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். சாக்கை உதறுவதை அவர் நிறுத்தவில்லை. இப்போது உதறிய பிறகு அந்த இடத்தில் ஒரு கோப்பை தண்ணீரும் ஊற்றுகிறார்.